அரங்கமும் அரண்மனையும்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

அரசவை நாடகங்களைப் பற்றியும் அவற்றைப் போஷித்தவர்களைப் பற்றியும் கேள்விகள் அனுப்பும்படி கேட்டிருந்தோம். வந்தவற்றில் பாதி, ‘நாங்களே மேடையேற்றப் போகிறோம், எப்படிச் செய்வது?’ என்ற வகை. அவற்றுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லியிருக்கிறோம்.

சோழர் காலத்தில் நாடகக் கலைஞருக்குச் சம்பளம் உண்டா? எவ்வளவு? (ஈசூன் வாசகர்)

உண்டு, கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் ராஜேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்று இருக்கிறது. 1050களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. வைகாசிப் பெருவிழாவில் ‘ராஜராஜேஸ்வர நாடகம்’ ஆடுவதற்காக, சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் என்கிற விஜயராஜேந்திர ஆசாரியனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு தூணி நெல், ஆண்டுக்கு 120 கலம் என்று அது விதிக்கிறது. கணக்குச் சரியாகவே வருகிறது: 3 தூணி சேர்ந்தது 1 கலம், 360 நாளுக்கு 360 தூணி, ஆக 120 கலம். ஒரு தூணி என்பது 4 மரக்கால், அதாவது 32 நாழி. கோயில் கணக்குகளில் 5 பங்கு நெல்லுக்கு 2 பங்கு அரிசி என்பது வழக்கமான விகிதம். அப்படிப் பார்த்தால் நாளுக்கு 13 நாழி அரிசிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வீட்டுச் சாப்பாட்டுக்கு இது ரொம்பவே அதிகம்.

விழா ஆண்டுக்கு ஒருமுறைதான். நெல்லோ தினமும். ஆகவே இதை ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிய கூலியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆளையும் அவர் கூட்டத்தையும் ஊரைவிட்டுப் போகாமல் வைத்திருப்பதற்கான படி அது.

இதே கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு (கோயில் ஆடல் மகளிருக்கு) ஆளுக்கு ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் வரும் பங்கும் கொடுக்கப்பட்டன. சாசனத்தில் நமக்கு ரொம்பப் பிடித்த இடம் வாரிசு விதி. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அடுத்த உறவினர் அந்தப் பணியைச் செய்து பங்கைப் பெறலாம். அந்த உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை நிறுத்த வேண்டும். பரம்பரை உரிமையும் உண்டு, தரக் கட்டுப்பாடும் உண்டு. இன்றைய பல சபாக்களின் விதிமுறைகளில் இரண்டாவது இல்லை!

ஓர் எச்சரிக்கை. 120 கலத்தைக் கிலோவாக மாற்றி, இன்றைய அரிசி விலையால் பெருக்கி, சிங்கப்பூர் வெள்ளியில் சொல்லும் பதிவுகள் சுற்றுகின்றன. மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்டது. அதனால்தான் பெரிய கோயில் சாசனங்கள் ‘ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து’ என்று அளவின் பெயரையும் சேர்த்தே சொல்கின்றன. அதே கோயிலின் பங்குகளோடு ஒப்பிடுங்கள், அது போதும். நாடகத்தைப் பொறுத்தவரை கூலிக் கணக்கு கல்லில் நின்றுவிட்டது. ஒரு வரி வசனம்கூட நமக்கு வந்து சேரவில்லை. கொடுத்தவருக்கு எழுதி வைக்க வேண்டியிருந்தது கொடையைத்தான்.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வரும் மேடையை எங்கள் சமூக மன்ற நிகழ்ச்சிக்கு அப்படியே கட்ட முடியுமா? அளவுகள் என்ன? (உட்லண்ட்ஸ் வாசகி)

கட்டலாம், அது சிறிய மேடைதான். காப்பியம் சொல்லும் அளவு: 24 விரல் கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் அகலம் 7, நீளம் 8, தரையிலிருந்து மேடை உயரம் 1. மேடைப் பலகையிலிருந்து மேலே உத்தரப் பலகை வரை 4 கோல். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என இரண்டு வாயில்கள்.

விரல் எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். சாதாரண விரலாக எடுத்து முக்கால் அங்குலம் என்று வைத்தால் ஒரு கோல் ஒன்றரை அடி. மேடை 10½ அடிக்கு 12 அடி. மேல் உயரம் வெறும் 6 அடி. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் உத்தரத்தில் இடிக்கும். பெருவிரல் என்று கொள்ளும் உரைவழக்கும் உண்டு. அதை ஓர் அங்குலமாக வைத்தால் ஒரு கோல் 2 அடி: 14 அடிக்கு 16 அடி மேடை, 2 அடி உயரம், மேலே 8 அடி. ஆடுகிறவர்களுக்கு இதுதான் தோது. மீட்டரில் 4.27க்கு 4.88. பெரும்பாலான சமூக மன்ற மண்டப மேடைக்குள் இது அடங்கிவிடும். மேடையே கட்ட வேண்டாம், நாடா ஒட்டி எல்லை காட்டினாலே போதும்.

திரை மூன்று வகை. ஒருமுக எழினி ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது. பொருமுக எழினி இரு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் சேர்வது. கரந்துவரல் எழினி மேலேயிருந்து இறங்குவது. மூன்றாவதை விட்டுவிடுங்கள், மேல்கம்பியில் எதையும் தொங்கவிட மண்டப நிர்வாகம் எளிதில் சம்மதிக்காது. பொருமுக எழினி ஒன்றைச் சரியாகச் செய்தாலே பார்ப்பவர்களுக்குப் பழைய மேடையின் உணர்வு வந்துவிடும். துணி கனமாக இருக்க வேண்டும். லேசான துணி குளிரூட்டிக் காற்றில் பறந்து, மூடியிருக்க வேண்டிய நேரத்தில் திறந்துகொள்ளும்.

விளக்கு வைப்பதற்கு இளங்கோவடிகள் தரும் குறிப்பு: தூணின் நிழல் புறத்தே போகும்படி வைக்க வேண்டும். அதாவது நிழல் ஆடுமிடத்தில் விழக் கூடாது. நீங்கள் முன்னிரண்டு தூண்களையும் நிறுத்திவிட்டு மண்டபத்தின் முன்விளக்கையே போட்டால் நேர் எதிராக நடக்கும். இரண்டு கறுப்புக் கோடுகள் நர்த்தகியின் முகத்தில் விழும். ஒன்று முன்தூண்களை எடுத்துவிடுங்கள், அல்லது விளக்குகளைத் தூண்களுக்கு உட்புறம் மாட்டுங்கள். உண்மையான தீபம் ஏற்றுவதானால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பேட்டரி விளக்கே நிம்மதி. ஆடுபவர் வலக்காலை முன்வைத்து ஏறி வலத்தூண் பக்கம் நிற்பது வழக்கு என்றும் அதே காதை சொல்கிறது. இதற்குச் செலவே இல்லை, விடாதீர்கள்.

தலைக்கோலையும் சேர்த்துக்கொண்டால் அரசனின் கை எங்கே இருக்கிறது என்பது மேடையிலேயே தெரிந்துவிடும். தோற்று ஓடிய மன்னனிடமிருந்து பறித்த வெண்கொற்றக் குடையின் காம்பு அது. கணுக்களில் நவமணி, இடையில் பொற்தகடு. அதை நீராட்டி, மாலை சூட்டி, யானைக் கையில் கொடுத்து ஊர்வலம் விட்ட பிறகுதான் மேடைக்கு வருகிறது. மாதவி என்ற ஒரு நர்த்தகியின் அரங்கேற்றத்துக்கு நடுவில் போர் வெற்றிச் சின்னம் நிற்கிறது. ஆட்டம் முடிந்ததும் மன்னன் பச்சை மாலையும் 1008 கழஞ்சுப் பொன்னும் கொடுக்கிறான். சோழர் காலக் கழஞ்சை 5 கிராமுக்குச் சற்று மேல் என்று வைத்தால் 5 கிலோவைத் தாண்டும் பொன். அடுத்து நடப்பதைக் கவனியுங்கள்: அதே 1008 கழஞ்சு, மாலையை வாங்குபவர் தர வேண்டிய விலையாகத் தெருவில் கூவப்படுகிறது. கோவலன் வாங்குகிறான். அரசன் போட்ட மதிப்பே சந்தையில் மாதவிக்கு விலை ஆகிவிட்டது. இந்தக் காட்சியை வெட்டிவிட்டு வெறும் நடனத்தை மட்டும் வைத்தால் அரங்கேற்று காதை பாதிதான்.

வேத்தியல், பொதுவியல் என்றால்? (புக்கிட் பாத்தோக் வாசகர்)

வேந்தன் முன் ஆடுவது வேத்தியல், பொதுமக்கள் முன் ஆடுவது பொதுவியல். இரண்டும் தெரிந்தவரே முழுக் கலைஞர். அரண்மனை ஆட்டமே உயர்ந்தது, மற்றது மட்டம் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

எங்கள் நாடகத்துக்கு ஒரு கடைக்காரர் பணம் தருகிறார். கதாபாத்திரங்கள் வசனத்தில் தன் கடைப் பெயரைச் சொல்ல வேண்டுமாம். இது கலைக்கு அவமானம் இல்லையா? (செங்காங் வாசகி)

அவமானம் என்று தள்ளிவிட வேண்டாம், இடம் பார்த்து வையுங்கள். நம் மரபில் கொடுத்தவர் பெயர் எப்போதும் இருந்திருக்கிறது. இராமனுக்கு முடி சூட்டும் உச்சக்கட்டத்திலேயே, வெண்ணெய்நல்லூர்ச் சடையனின் முன்னோர் எடுத்துக் கொடுக்க, வசிட்டன் மகுடத்தை வாங்கிப் புனைந்தான் என்று கம்பர் வைத்திருக்கிறார். தன்னைப் போஷித்த சடையப்ப வள்ளலை இராமனுக்குச் சமமாக உட்காரவைக்கவில்லை, பேசவிடவும் இல்லை. அவர் முன்னோரின் கையை மட்டும் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். அந்த அளவுதான் சூட்சுமம்.

நாடகத்தில் இதற்கென்றே மூன்று இடங்கள் இருந்தன: தொடக்கத்தில் தலைவன் வருகையை அறிவிக்கும் கட்டியக்காரன் வாய், நடுவில் தலைவன் பவனி வரும் உலாக் காட்சி, முடிவில் மங்களம். உங்கள் நாடகத்தில் ஒரு கட்டியக்காரனைச் சேர்த்து நான்கு வரி கொடுங்கள். 20 வினாடி போதும். சந்தத்தில் இருந்தால் கைதட்டலே கிடைக்கும். சோக வசனத்தின் நடுவே கடைப் பெயர் வந்தால் மண்டபம் சிரிக்கும், கடைக்காரருக்கும் அது நல்லதில்லை. இதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். எத்தனை முறை, எந்த இடம், பதாகை எத்தனை என்பதை ஒத்திகை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். தேசியக் கலைகள் மன்றம் போன்ற அமைப்பின் மானியமும் வருகிறதென்றால், அதன் நன்றியறிவிப்பு விதிகளோடு இது மோதுகிறதா என்று முதலில் பாருங்கள்.

தமிழ் மாதத்துக்குக் குறவஞ்சி நாடகம் 40 நிமிடத்தில் போட வேண்டும். எதை வைக்க, எதை விட? அரசன் பாட்டுடைத் தலைவனாக உள்ளதை எடுக்கலாமா? (தெம்பனிஸ் வாசகர்கள் குழு)

தலைவன் மேல் காதல் கொண்ட நாயகிக்குக் குறத்தி குறி சொல்லும் நாடகம்தான் குறவஞ்சி. முதலில் எந்தக் குறவஞ்சி என்பது. சரபேந்திர பூபாலக் குறவஞ்சி கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றியது. தலைவன் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832), காதலில் உருகும் நாயகி மதனவல்லி. குற்றாலக் குறவஞ்சி திரிகூடராசப்பக் கவிராயருடையது. தலைவன் குற்றாலநாதர், நாயகி வசந்தவல்லி. இரண்டுக்கும் அரச ஆதரவு உண்டு. ஆனால் முதலாவதில் அரசன் கதைக்குள் வந்துவிட்டார். இரண்டாவதில் மதுரை நாயக்கர் முத்து விஜயரங்க சொக்கநாதர் கதைக்கு வெளியே நின்று நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் ‘குறவஞ்சி மேடு’ என்றே பெயர்.

எங்கள் கருத்து: முதல் முறை போடுபவர்கள் குற்றாலத்தை எடுங்கள். சரபேந்திர பூபாலத்தில் அரசனின் பெருமை, வம்சம், கொடை எல்லாம் பாட்டுக்குப் பாட்டு வரும். அவையில் அரசன் உட்கார்ந்திருக்கும்போது அதற்கு ஒரு சுவை. தெம்பனிசில் யாரும் சரபோஜியைத் தேடப் போவதில்லை. அரசனைத் தலைவனாக்கிய நாடகங்கள் அரசு போனதும் பெரும்பாலும் சுவடிக்குள் போய்விட்டன. சரபேந்திர பூபாலம் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், அது பெரிய கோயில் விழாவோடு கட்டப்பட்டிருந்ததுதான். குற்றாலக் குறவஞ்சிக்குச் சாமி தலைவன். 1944இல் கலாக்ஷேத்ரா எடுத்து மேடையேற்றியபோது ஒன்றையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

40 நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள். கட்டியக்காரன் வருகைக்கு 3. இறைவன் உலாவும் வசந்தவல்லி வருகையும் 9. பந்தடித்தல் 5. குறத்தி வந்து மலைவளம் பாடிக் குறி சொல்வது 13. அந்தக் குறத்தியான சிங்கியை அவள் கணவன் சிங்கன் தேடி வருவதும் இருவர் உரையாடலும் 10. நிலவைப் பழிக்கும் விரகப் பாடல்களில் ஒன்று மட்டும் வைத்து, அதை வசந்தவல்லியின் நேரத்துக்குள் அடக்குங்கள்.

சொதப்பும் இடங்கள்: நேரம் போதவில்லை என்று கடைசியில் சிங்கன்-சிங்கி பகுதியை வெட்டுவார்கள். அதுதான் மக்கள் சிரிக்கும் இடம், வெட்டினால் நாடகம் நாட்டியக் கச்சேரி ஆகிவிடும். வெட்டுவதானால் மலைவளத்தில் வெட்டுங்கள், அங்கே பாட்டுகள் நிறைய. பந்தடித்தல் துரித கதி. ஆடி முடித்த பெண்ணே உடனே விரகப் பாட்டையும் பாட வேண்டுமென்றால் மூச்சு வாங்கும், ஒலிவாங்கியில் அது பெரிதாகக் கேட்கும். பாடுபவர் வேறு, ஆடுபவர் வேறாக இருக்கட்டும். பதிவு செய்த இசை வேண்டாம். சிங்கன் ‘இது என்ன, அது என்ன’ என்று கேட்க, சிங்கி பதில் சொல்லும் உரையாடலில் சிரிப்பு அடங்கும் வரை நிறுத்த வேண்டியிருக்கும், ஒலிநாடா காத்திருக்காது. ஒரு மிருதங்கம், ஒரு புல்லாங்குழல், தாளம், ஒரு பாட்டு என்று நான்கு பேர் இருந்தால் நடத்திவிடலாம். அவர்களைத் திரைக்குப் பின்னால் ஒளிக்காமல் மேடை ஓரத்தில், ஆடுபவர் கண்ணில் படும்படி உட்காரவையுங்கள்.

அந்த உரையாடலை இன்னொரு காரணத்துக்காகவும் விடக் கூடாது. சிங்கியின் உடம்பில் உள்ள ஒவ்வொரு நகைக்கும் சிங்கன் கணக்குக் கேட்கிறான். காலில் கிடக்கும் சிலம்பு சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்றது என்கிறாள். இப்படி ஊர் ஊராகப் பெற்ற பரிசுப் பட்டியல். அரண்மனையில் உட்கார்ந்து பாடிப் பெறும் கொடை ஒன்று, நடந்து நடந்து சேர்க்கும் கொடை ஒன்று. இரண்டும் ஒரே நூலில் இருக்கின்றன. பின்னால் வரும் சிருங்கார அடிகள் பிள்ளைகள் பார்க்கும் நிகழ்ச்சிக்கு ஒத்துவராது, நகைக் கேள்விகளோடு நிறுத்துங்கள். பொது நிகழ்ச்சியானால் ஐஎம்டிஏ (தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம்) உரிமம் தேவையா என்பதை மண்டபம் பதிவு செய்யும்போதே பாருங்கள். வசனப் பிரதி கேட்டால் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

பள்ளி ஆசிரியர் யாராவது உங்கள் குழுவில் இருந்தால் ஒரு துணுக்கு: இரண்டாம் சரபோஜியே ‘தேவேந்திரக் குறவஞ்சி’ என்று மராத்தியில் ஒன்று எழுதினார். அதில் குறத்தி சொல்வது உலக பூகோளம்! மலைவளம் பாடும் இடத்தில் நாடுகளையும் கண்டங்களையும் வைத்துவிட்டார். தென்கிழக்காசியாவை வைத்து மாணவர்களே ஒரு மலைவளப் பாட்டு கட்டலாம்.

தஞ்சை அரண்மனையில் பல மொழி நாடகங்கள் நடந்தது உண்மையா? ஏன்? (ஜூரோங் வாசகர்)

உண்மை. மன்னர் வீட்டில் மராத்தி, நாயக்கர் காலம் தொட்டு அவையில் தெலுங்கு, ஊரில் தமிழ், பண்டிதரிடம் சமஸ்கிருதம். ஷாஜி மன்னர் (1684–1712) ‘பஞ்சபாஷா விலாசம்’ என்று ஐந்து மொழியில் ஒரே நாடகம் எழுதினார், ஐந்தாவது ஹிந்தி. புதுமை மோகம் என்று இதைச் சொல்வது சரியல்ல. அவையில் இருக்கும் எல்லாத் தரப்பையும் ஒரே மேடையில் உட்காரவைக்கும் ஏற்பாடு அது. நான்கு மொழியில் அறிவிப்புக் கேட்டு வளர்ந்த சிங்கப்பூர்க்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது.

அரசு போனபின் அந்தக் கலைஞர்கள் எங்கே போனார்கள்? (பொங்கோல் வாசகி)

1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி தஞ்சையை எடுத்துக்கொண்டது. ஆனால் கலைஞர்கள் வெளியேறியது அன்று தொடங்கியதல்ல. தஞ்சை நால்வர் என்கிற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்களில் வடிவேலு திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் அவைக்கு முன்பே போய்விட்டார்; 1834இல் அங்கே தந்தத்தால் ஆன வயலின் பரிசு பெற்றார். சின்னையா மைசூருக்குப் போனார். 1880இல் தஞ்சை இளவரசி சிம்னாபாய் பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவை மணந்தபோது சீதனத்தோடு ஆடல் மகளிரும் இசைக்காரர்களும் குஜராத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அரசன் ஆதரவு என்றாலே கலைஞரின் சுதந்திரம் என்று பேசுகிறவர்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படிக்கட்டும்.

மிச்சப்பேர் ஜமீன்களுக்கும் கோயில்களுக்கும் சென்னைக்கும் நகர்ந்தார்கள். அதே நூற்றாண்டின் கடைசியில் டிக்கெட் நாடகம் வந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தொழில்முறைக் குழுக்களுக்கு எழுதினார். கொடுக்கும் கை மாறியதும் நாடகத்தின் உடம்பும் மாறியது. அரசனைப் புகழும் உலாவின் இடத்தை, கைதட்டல் வாங்கும் நடிகனின் பாட்டு பிடித்துக்கொண்டது. ஒரு காலத்தில் ஒரே அவைக்கு ஆடியவர்கள் ஊர் ஊராகப் பெட்டி கட்ட வேண்டியிருந்தது. எனவே சுருட்டி எடுத்துப் போகும் ஓவியத் திரை. அந்தச் சுற்றுப் பயணத்தில்தான் மலாயாவும் சிங்கப்பூரும் வருகின்றன.

டிசம்பர் விடுமுறையில் ஜோக்ஜகர்த்தா போகிறோம். அங்கே அரண்மனை நாடகம் இன்னும் பார்க்க முடியுமா? (அங் மோ கியோ வாசகர்)

முடியும். 1755 கியாந்தி உடன்படிக்கையில் மாத்தராம் அரசு இரண்டாகப் பிரிந்த பிறகு, ஜோக்ஜா சுல்தான் முதலாம் ஹமெங்குபுவனா தன் அவைக்கென்று வளர்த்தது ‘வாயாங் வோங்’ என்னும் மனிதர் நடிக்கும் மகாபாரத, ராமாயண நாடகம். எட்டாம் ஹமெங்குபுவனா காலத்தில் (1921–1939) நூற்றுக்கணக்கானோர் நடிக்க, விடிகாலையில் தொடங்கி இரவு வரை, நாள்கணக்கில் நடந்தது. அந்த அளவை இன்று எதிர்பார்க்காதீர்கள். கிராத்தோன் அரண்மனையில் பார்வையாளருக்காகக் காலை வேளைகளில் நடக்கும் சிறு நிகழ்ச்சிகள் உண்டு. முதல் நாளே கேட்டுக்கொண்டு போங்கள், மதியத்துக்கு மேல் போனால் ஏமாற்றம்தான். பிரம்பனான் ராமாயண நடனம் 1961இல் தொடங்கியது, அரண்மனையுடையது அல்ல. டிசம்பர் மழைக்காலம், ஆகவே கோயிலைப் பின்னணியாகக் கொண்ட திறந்தவெளி மேடை கிடைக்காது, உள்ளரங்கில்தான் நடக்கும். டிக்கெட் வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் சோலோவுக்கு ரயில் ஏறுங்கள், ஒரு மணி நேரம் சொச்சம். அங்கே மங்குநகரன் அரண்மனைக் குழுவின் கலையை 1890களில் கான் காம் என்ற சீன வணிகர் வெளியே கொண்டுவந்து காசுக்குக் காட்டத் தொடங்கினார். அதன் தொடர்ச்சியாக வந்த ஸ்ரீவெடாரி அரங்கில் இரவுக் காட்சி இன்றும் மலிவு டிக்கெட்டில் நடக்கிறது. மொழி ஜாவானியம் என்று தயங்க வேண்டாம்; கதை நமக்குத் தெரிந்த பாரதம், கோமாளிகள் செமாரும் பிள்ளைகளும் வந்ததும் அரங்கமே சிரிக்கும். பக்கவாட்டு இருக்கையை எடுக்காதீர்கள். அரண்மனையின் தூண் மண்டபம் சுவரில்லாமல் திறந்தது, ஸ்ரீவெடாரியோ முன்பக்கம் மட்டும் திறந்த திரை மேடை. ஓரத்திலிருந்து பார்த்தால் பாதிக் காட்சி மறைந்துவிடும்.